கசிவைக் கண்டவர்கள்

மணவாள மாறன் ஆண்ட நாட்டின் சபையில் இரண்டு கட்சிகள் இருந்தன. ஒன்று ஏர்க்கட்சி, மற்றது கலப்பைக்கட்சி. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்காதீர்கள், அவர்களுக்கே தெரியாது. இரண்டிலும் உழத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. குடவோலையில் ஜெயித்த கட்சி நிர்வாகம் பார்க்கும். தோற்றது கேள்வி கேட்கும். இந்த ஏற்பாட்டை மன்னருக்குச் சொல்லிக் கொடுத்தவர் அரசவை விகடகவி நம்பிக்கூத்தர். அதற்காக அவர் தலையில் அடித்துக்கொள்ளும் நாளும் வந்தது.

நெடுங்குளத்து ஏரிக்கரை உடைந்தது. செவ்வந்தி என்ற உழவுப் பெண் சபையில் வந்து நின்றாள்.

"சாமி, கதிர் வர்ற நேரம். மிச்சத் தண்ணியும் போயிட்டா மூணு ஊரு நெல்லும் கருகிரும்."

அவ்வளவுதான். யாரால் உடைந்தது என்று இரு கட்சியும் உச்சிவேளை வரை கத்தின. ஒருவர்கூட மண்வெட்டி என்ற சொல்லை உச்சரிக்கவில்லை.

மன்னர் சீறினார். "நம்பி, எல்லாம் உம்மால் வந்தது! இந்தக் கூட்டத்தை வைத்தே கரையை அடைக்க இன்றே வழி சொல்லும். இல்லையேல் கட்சிகளையும் கலைப்பேன், உம்மையும் அனுப்பிவிடுவேன்."

நம்பி, ஆளும் ஏர்க்கட்சித் தலைவர் பல்லவரையரைப் பார்த்து உச்சுக் கொட்டினார். "பாவம், கரை கசிந்தது இவருக்கு எங்கே தெரிந்திருக்கும்?"

கலப்பைக்கட்சித் தலைவர் காலிங்கராயர் துள்ளி எழுந்தார். "தெரியாதா? ஆறு மாதமாகத் தெரியும்! இவர் அதிகாரிகள் கசிவைப் பார்த்துவிட்டுச் சும்மா திரும்பியதை எங்கள் ஆட்கள் கரையில் நின்று பார்த்தார்கள்!"

"ஓய், நீர் மட்டும் யோக்கியமா?" என்றார் பல்லவரையர். "உடையட்டும், அடுத்த குடவோலையில் ஜெயிக்கலாம் என்று காத்திருந்தவர்தானே நீர்! கசிவு பெரிதாகிறதா என்று உம் ஆட்கள் தினமும் எட்டிப் பார்த்தார்கள். எங்கள் ஆட்களும் அதைத் தினமும் பார்த்தார்கள்!"

"சத்தியமாகவா?" என்று இருவரையும் கேட்டார் நம்பி.

"செங்கோல்மேல் சத்தியம்!" இருவரும் முழங்கினார்கள்.

நம்பி செவ்வந்தியிடம் திரும்பினார். "அம்மா, கசிவைக் கண்டும் ஊருக்குச் சொல்லாதவனை உங்கள் பக்கம் என்ன செய்வார்கள்?"

"கூடையைத் தலையில ஏத்தி மண்ணு சுமக்க விடுவோம் சாமி. கரை அடையற வரைக்கும் எறக்க முடியாது."

"கூடை இருக்கிறதா?"

அவள் சபையை ஒரு சுற்றுப் பார்த்தாள். "ஆளுக்கொண்ணு இருக்கு."

தலைவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கட்சிகள் தொடங்கிய மூன்று ஆண்டுகளில் முதல்முறையாக ஒரே குரலில் சொன்னார்கள்: "மன்னா, யாரும் எதையும் பார்க்கவில்லை!"

"அப்படியானால் செங்கோல்மேல் செய்தது பொய்ச் சத்தியம்," என்றார் நம்பி. "அதற்குத் தலை போகும். கூடை வைக்கவாவது தலை வேண்டாமா?"

பட்டுச் சால்வைகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன.

மூன்றாம் நாள் கரை அடைபட்டது. பார்க்க வந்த மன்னர் நம்பிக்குத் தம் முத்துமாலையைப் போட்டுவிட்டு, "இருந்தாலும் இந்தச் சனியன்களைக் கலைத்துவிட்டு, ஒரே கட்சியாக வைத்துக்கொண்டால் என்ன?" என்றார்.

"தாராளமாக வைக்கலாம், மன்னா. ஒரே கட்சி இருந்திருந்தால், கரையை உடைத்தது யார் என்று சபையில் ஒரு நொடியில் முடிவாகியிருக்கும்."

"யார் என்று?"

நம்பி, கரைமேல் நின்ற செவ்வந்தியைக் கைகாட்டினார். "இந்த அம்மாதான் என்று."