மகிழியின் இரண்டாவது கூடு

அந்தக் காலத்தில், அணிலும் குரங்கும் மரங்கொத்தியும் நம்மைப் போலவே பேசிக்கொண்டிருந்தபோது, மழைமேடு என்ற மலையின் அடிச்சோலையில் செவ்வணில்கள் இருந்தன. சாம்பல் அணில்கள் வந்த அன்று அங்கே யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆயினி மரத்தில் மருதன், அவன் பெண்டாட்டி, குட்டிகள் மூன்று; ஐந்து பேர். காட்டுமா மரத்தில் கிழவர் வேங்கையப்பன், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இரண்டு, அதுவும் ஐந்து. தான்றி மரத்தில் கடம்பன், ஆவாரை, அப்போதுதான் கண் திறந்திருந்த அவர்கள் குட்டி, மூன்று. நாவல் மரத்தில் அக்காள் பாலை, தங்கை குருந்து, இரண்டு. சோலையின் ஓரத்தில் நின்ற மகிழ மரத்தில் மகிழியும் அவள் தம்பி கொன்றையானும். எல்லாம் சேர்ந்து பதினேழு.

இந்தப் பதினேழையும் நாள்தோறும் எண்ணுகிறவள் மகிழி. பொழுது சாயும்போது மரத்தின் உச்சிக் கிளைக்கு ஏறி ஒருமுறை கூவுவாள். ஒவ்வொரு மரத்திலிருந்தும் ஆளுக்கொரு குரல் திரும்பி வரும். கணக்குச் சரியாக இருந்தால் சோலை தூங்கும். ஒரு குரல் குறைந்தாலும் எல்லோரும் தேடப் போவார்கள். தேடப் போனவர்களுக்குத் திரும்பும் திசை தெரியவேண்டும் என்பதால், கூவுகிறவள் மட்டும் தன் மரத்தைவிட்டு இறங்கக் கூடாது. மகிழிக்கு அந்த வேலை பொருந்தியிருந்தது. நாலு பேர் கூடும் இடத்தில் அவளுக்குப் பேச்சு வராது. தூரத்தில் இருந்துகொண்டு குரல் கொடுப்பதும், வருகிற குரலை எண்ணுவதும் வரும்.

அன்று நல்ல மழை. மகிழி கூவினாள். தன் குரலோடு சேர்த்துப் பதினேழும் வந்தது. அவள் இறங்கத் திரும்பியபோது பதினெட்டாவது குரல் ஒன்று கீழே புதரிலிருந்து கேட்டது. பிறகு பத்தொன்பதாவது. கணக்குக் குறைந்து அவள் பார்த்திருக்கிறாள். கூடிப் பார்த்ததில்லை. அவளுக்குப் பயம் வரவில்லை. பண்டம் நிறைந்த வீட்டைப் பார்ப்பதுபோல் இருந்தது.

கீழே நனைந்துபோய் இரண்டு அணில்கள் நின்றன. ஓர் ஆண், ஒரு பெண். உடம்பெல்லாம் சாம்பல் நிறம்.

"என்ன தம்பி, மழையில சாயம் போயிடுச்சா?" என்று மேலிருந்து கேட்டார் வேங்கையப்பன்.

"எங்க மலையில தீ பிடிச்சுது பெரியவரே," என்றான் அந்த ஆண் அணில். அவன் பேர் நரையன். "ஆற்றைக் கடந்து ஓடி வந்தோம். சாம்பல்லேயே ஓடினதுனால ஒட்டிக்கிச்சுன்னு வச்சுக்கங்களேன்."

கிழவர் சிரித்துவிட்டார். சிரிக்க வைத்தவனை மழையில் நிற்கவிட முடியாது.

செவ்வணில்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வந்தவர்களுக்குப் பழைய கூட்டைக் காட்டுவதில்லை. தாங்கள் படுத்த கூட்டை, உடம்புச் சூடு ஆறுவதற்கு முன்னால், அப்படியே கொடுப்பார்கள். வீட்டுக்காரர்கள் கிளையில் படுத்துக்கொள்வார்கள். விருந்தாளி போன பிறகு கூட்டில் இலை மாற்றுவதும் கிடையாது. மாற்றினால், நீ வந்தது எங்களுக்குப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதாகும்.

"எங்க கூட்டுக்கு வரட்டும்," என்றான் மருதன்.

"ஏன், எங்க கூட்டுல முள்ளா இருக்கு?" என்றாள் தான்றி மரத்து ஆவாரை.

"சின்னப் பிள்ளைக்காரி நீ பேசாம இரு. வயசுல மூத்த மரம் எங்களுது," என்றார் கிழவர்.

பேச்சு வளர்ந்தது. அப்போதுதான் மகிழி, யாரும் கேட்காமலே, தன் வாழ்நாளில் முதன்முறையாகச் சபையில் வாய் திறந்தாள்.

"ஒரு ராத்திரி ஒரு மரம்," என்றாள். "ஆயினி, அடுத்து காட்டுமா, அப்புறம் தான்றி, அப்புறம் நாவல். கடைசியா எங்க மகிழம். யாருக்கும் குறை வேண்டாம்."

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. கொன்றையான் அக்காவின் காதருகே, "நீ பேசுவியா?" என்று கேட்டான். மகிழி வாலால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவள் சொன்ன வரிசைப்படியே நடந்தது. தன் முறை வந்த நாளில் மகிழி காலையிலிருந்தே இளந்தளிராகப் பொறுக்கிக் கூட்டில் பரப்பினாள். விழுந்த மகிழம்பூவில் வாடாததை மட்டும் எடுத்து ஓரத்தில் செருகினாள். பொழுது சாய்ந்தது. விருந்தாளிகள் வரவில்லை. மழை விட்டதால் ஆற்றங்கரை இலுப்பையில் சொந்தமாகக் கூடு கட்டிக்கொண்டார்கள் என்று குருந்து வந்து சொன்னாள்.

"நம்ம கூட்டுல மூட்டைப்பூச்சின்னு யாரோ வத்தி வச்சிருக்காங்க," என்றான் கொன்றையான்.

மகிழி சிரிக்கவில்லை. எல்லா மரத்திலும் படுத்தவர்கள் தன் மரத்தை மட்டும் தாண்டிப் போனது அவளுக்குத் தைத்தது. அந்தக் கூட்டில் படுக்க மனமில்லாமல் அவளும் கிளையிலேயே விடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

அந்த மாதக் கடைசியில் கொன்றையானுக்கும் பாலைக்கும் கல்யாணம் ஆயிற்று. ஆண் பெண்ணின் மரத்துக்குப் போவது முறை. அவன் நாவல் மரத்துக்குப் போனான். மகிழ மரத்தில் மகிழி ஒருத்திதான். ஆனாலும் சாயங்காலம் நாவல் பக்கமிருந்து வரும் மூன்று குரலில் தம்பியின் குரலை அவள் தனியாகப் பிரித்துக் கேட்டுவிடுவாள். அது போதுமாக இருந்தது.

சாம்பல் அணில்களுக்குக் குட்டிகள் பிறந்தன. பிறகு இன்னும் பிறந்தன. அவை பிஞ்சையும் காயையும் பறித்துத் தின்றன. செவ்வணில்களுக்குப் பச்சைக் காய் வயிற்றில் தங்காது. அதனால் ஒரு மரத்தின் முதல் பழம் தானாக விழும் சத்தம் கேட்காமல் அந்த மரத்தில் யாரும் பல் வைப்பதில்லை. அந்த வருஷம் ஆயினியில் பழம் விழவில்லை. காட்டுமாவிலும் விழவில்லை. விழுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சாயங்காலம் ஆயினியிலிருந்து நாலு குரல் வந்தது. எல்லோரும் ஓடினார்கள். மருதனின் கடைக்குட்டி கூட்டுக்குள்ளேயே கிடந்தது. கண்ணோரம் புண், விரல்களில் புண். அடுத்து அதன் அண்ணன்மார். அடுத்து தாய். கடைசியாக மருதன். பிறகு காட்டுமாவில் தொடங்கியது.

மகிழி தன் மரத்திலிருந்தே கேட்டாள். "தாத்தா, எப்படி இருக்கீங்க?"

"கண்ணு ஒட்டிக்கிச்சும்மா. எனக்கு ஒண்ணும் தெரியல," என்றார் வேங்கையப்பன். "பழம் விழுந்த சத்தம் கேட்டுச்சா?"

"இல்லை தாத்தா."

"கேட்டா சொல்லு."

காட்டுமாவில் ஐந்து குரலும் நின்றன. அடுத்து தான்றி மரத்தில் ஆவாரையின் குட்டிக்குக் கண் சிவந்தது என்று கேட்டதும் மகிழி மரங்களை வரிசையாக எண்ணிப் பார்த்தாள். ஆயினி, காட்டுமா, தான்றி. இந்த வரிசையை யார் சொன்னது என்று அவளுக்குத் தெரியும். அடுத்த மரம் எது என்றும் தெரியும்.

அன்று பகலில் அவள் மரத்தைவிட்டு இறங்கி இலுப்பைக்கு ஓடினாள். நரையன் இல்லை. அவன் பெண்டாட்டி சின்னாள் குட்டிகளுக்குக் காய் கடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க ஆளுங்களுக்குக் கண்ணுல புண் வருமா?" என்று கேட்டாள் மகிழி.

"அதுவா அக்கா. சின்ன வயசுல எல்லாருக்கும் வரும். ரெண்டு நாள் கண்ணு எரியும், போயிடும். எங்க குட்டிங்களுக்குக்கூட வந்து போச்சு." சின்னாள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏன், உங்களுக்குப் போகலையா?"

அவள் முகத்தில் சூது எதுவும் இல்லை. மகிழிக்குத் திட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை.

நாவல் மரத்தடிக்கு வந்து, "கொன்றை, அந்தக் கூட்டைவிட்டு வந்துடு. நம்ம கூட்டுல அவங்க படுக்கல. அது நல்ல கூடு," என்றாள்.

தம்பி கிளை நுனிக்கு வந்தான். கண்ணோரம் சிவந்திருந்தது. "பாலைக்கு முடியல அக்கா. குருந்துக்கும்தான். விட்டுட்டு எங்க வர்றது?"

அவள் அடிமரத்தில் நகம் பதித்தாள்.

"ஏறாதே," என்றான் அவன். அந்த மாதிரிக் குரலில் அவன் அக்காவிடம் பேசியதில்லை. "நீ போய் உன் மரத்துல உட்காரு. நீயும் படுத்துட்டா சாயங்காலம் எங்களை யாரு எண்ணுவா?"

தான்றி மரமும் அடங்கியது. மிஞ்சியவர்கள் நாவலில் மூன்று, மகிழத்தில் ஒன்று. ஒவ்வொரு சாயங்காலமும் மகிழி கூவினாள். நாவலிலிருந்து மூன்று குரல் வந்தது. குருந்தின் குரல் மெலிந்திருந்தது. பிறகு ஒரு நாள் அது திடமாகக் கேட்டது. கொஞ்சம் கரகரப்போடு கேட்டது. மகிழி தலையைச் சாய்த்துக் கேட்டாள். தம்பி, தொண்டையைச் சுருக்கிக்கொண்டு, கொழுந்தியாளின் குரலில் கூவிக்கொண்டிருந்தான். அவள் அதை மூன்று என்றே எண்ணினாள்.

இன்னும் சில நாள் கழித்து அவன் மூன்று குரலையும் தானே கொடுத்தான். இடையில் மூச்சு வாங்கியது. அன்றும் மகிழி எண்ணினாள். "மூணு. சரியா இருக்கு," என்று அவனுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். அவளுடைய எண்ணிக்கையில் தெரிந்தே பிழை வந்தது அந்த நாட்களில் மட்டும்தான்.

மறுநாள் அவள் கூவியபோது ஒரு குரலும் வரவில்லை.

குரல் குறைந்தால் தேடப் போக வேண்டும். போவதற்கு யாரும் இல்லை. கூவுகிறவளே மரத்தைவிட்டு இறங்கி நாவலடிக்குப் போனாள். ஏறாதே என்று அவன் சொல்லியிருந்தான். ஏறவில்லை. கீழே நின்று பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள். மழைமேட்டின் உச்சியில், காற்று ஓயாத இடத்தில், தனியாக நின்ற ஒரு புன்னை மரத்தில் ஏறினாள். அங்கே சாம்பல் அணில்கள் வரவில்லை. அவை தேடி வருமளவுக்கு அங்கே பழமும் இல்லை.

அந்த மரத்தில் அவள் ஒரு கூடு கட்டினாள். மறுநாள் எதிர்க்கிளையில் இன்னொன்று கட்டினாள். அதிலும் தளிர் பரப்பினாள். அதில் அவள் படுக்கவில்லை.

இரண்டு மழைக்காலம் போயிற்று. மேற்கு மலையிலிருந்து ஒரு செவ்வணில் வழி தவறி வந்தது. பேர் உசிலன். அவனைக் கண்டதும் மகிழி மேல்கிளைக்கு நகர்ந்துகொண்டு எதிர்க்கூட்டைக் காட்டினாள்.

"எங்க ஊருல விருந்தாளிக்குப் படுத்த கூட்டைத்தான் கொடுப்பாங்க," என்றான் உசிலன்.

"இங்கேயும் அப்படித்தான் இருந்துச்சு," என்றாள் மகிழி.

அவன் அந்தக் கிளைக்குத் தாவினான். எதிர்க்கூட்டில் படுத்தான். இருவரும் சேர்ந்திருந்த காலம் கொஞ்சம்தான். பழம் தீர்ந்ததும் அவன் வேறு மரத்துக்குப் போனான். பிறந்த குட்டிகள் வளர்ந்ததும் மகிழி அவற்றை ஒவ்வொன்றாக ஒவ்வொரு மரத்துக்கு அனுப்பினாள். ஒரு மரத்தில் இரண்டு பேரை அவள் விடவில்லை. "சாயங்காலம் கூவுறேன். இருக்கீங்களான்னு மட்டும் சொல்லுங்க. பக்கத்துல வராதீங்க," என்றாள்.

அன்று முதல்தான், நாம் மலையணில் என்று சொல்லும் அந்தச் செவ்வணில் ஒன்றுக்கு மேல் கூடு கட்டி, ஒன்றில் மட்டும் படுத்து, மற்றதை யாருக்கோ வைத்திருக்கிறது. பொழுது சாயும்போது உச்சிக் கிளையில் ஒருமுறை கூவிவிட்டு, காதைத் தூக்கிக்கொண்டு சற்றுநேரம் அசையாமல் இருக்கிறது. மலைக்குப் போகிறவர்கள் எண்ணிப் பார்க்கலாம். கூடு இரண்டு இருக்கும். அணில் ஒன்று.