ராணி இடுப்பு இளைச்ச கதை

ஒரு காலத்துல, ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சீமை, அந்தச் சீமைக்கு ஒரு ராஜா, ராஜாவுக்கு ஒரு ராணி, பேரு சிலம்பாயி. கொடி மாதிரி இருப்பா, அதப் பாத்துத்தான் ராஜா கட்டுனான். அப்புறம் அவ ஒரு பொட்டப்புள்ளையப் பெத்தா. பெத்தா வயிறு சரியும், இடுப்பு பெருக்கும், எல்லாருக்கும் உள்ளதுதானே? ராஜாவுக்கு மட்டும் அது புடிக்கல.

"தேர்த் திருவிழா வருது, நாலு தேசத்து ராஜா வருவான். இந்த உடம்போடயா எம் பக்கத்துல உக்காருவ?"ன்னான்.

மாமியாக்காரி வந்தா. "நான் நாலு பெத்தும் ஈர்க்குச்சியாத்தான் இருந்தேன், வாயக் கட்டு"ன்னா. சொல்லிட்டு, மொதல்ல பூண்டுக் கொழம்ப நிறுத்துனா, அப்புறம் சுறாப்புட்ட நிறுத்துனா, அப்புறம் சோத்தையே நிறுத்துனா. வெறும் கஞ்சித்தண்ணி.

சமையக்காரி காத்தாயிக்கு மனசு கேக்கல. மடியில ஒரு சோத்து உருண்டைய மறைச்சுக் கொண்டாந்து, "சாப்பிடுங்க தாயி, பாலு குடுக்குற உடம்பு"ன்னா. சிலம்பாயி என்ன செஞ்சா தெரியுமா? கண்ணாடியப் பாத்தா, வயித்தத் தடவிப் பாத்தா, "வேண்டாம் காத்தாயி, அவுக சொல்றது நெசந்தான்"னு உருண்டையத் திருப்பிக் குடுத்துட்டா. ஆமா கண்ணு, பசியோடதான் குடுத்தா.

இடுப்பு இளைச்சுது, கன்னம் ஒட்டுச்சு, பாலும் வத்துச்சு. புள்ள காம்பச் சப்பிச் சப்பி அழுதுச்சு, மாட்டுப்பால ஊத்துனா கக்குச்சு, அப்புறம் அழவும் தெம்பில்லாம முனகுச்சு, தேரன்னைக்கு விடியக்காலையில அந்த முனகலும் நின்னு போச்சு.

ஏன் மூஞ்சியத் திருப்புற? கேளு.

ராஜா வந்து செத்த புள்ளையப் பாத்தான். "திருவிழா முடியட்டும், வெளிய மூச்சு விடாத"ன்னுட்டு, சிலம்பாயிக்குப் பட்டு கட்டச் சொல்லித் தேர்ல ஏத்துனான். சனமெல்லாம், "அடியாத்தீ, புள்ள பெத்தவ மாதிரியா இருக்கா!"ன்னு கொலவ போட்டுச்சு.

சிலம்பாயி எந்திரிச்சா. முந்தானைய விலக்குனா. மாரோட சேத்துக் கட்டியிருந்த புள்ளையத் தூக்கிக் காட்டுனா.

"இவ வாய்க்குப் போக வேண்டியத எடுத்துத்தான் இந்த இடுப்பச் செஞ்சாங்க. நானும் கூட நின்னேன். நல்லாப் பாருங்க!"

கொலவ நின்னுச்சு. காத்தாயி ஓடிப் போயி அவளத் தாங்கி எறக்கி, தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா.

அன்னையிலேருந்து அரண்மனைக்கு ஒருத்தியும் போகல. நெல்லு குத்த ஆளில்ல, தண்ணி எடுக்க ஆளில்ல, உலை வைக்க ஆளில்ல. "எம் பொண்டாட்டி விடல", "எங்க ஆத்தா விடல"ன்னு சேவகனும் ஒவ்வொருத்தனா நழுவிட்டான். களஞ்சியம் நெறைய நெல்லு, ஆனா மிச்சம் இருந்த ரெண்டு பேருக்கும் குத்தவும் தெரியாது, பொங்கவும் தெரியாது. ராஜாவும் அவன் ஆத்தாளும் உமியோட நெல்ல மென்னு மென்னு, தொண்டை கிழிஞ்சு செத்தாங்க.

சிலம்பாயி காத்தாயி வீட்டுல சோறு தின்னா. ஒவ்வொரு வாய்க்கும் அழுதா, ஆனா தின்னா. அந்தச் சீமையில இன்னைக்கும் புள்ள பெத்தவளப் பாக்கப் போறவங்க, உடம்பப் பத்தி வாயத் தொறக்க மாட்டாங்க. "சாப்ட்டியா தாயி?"ன்னுதான் கேப்பாங்க.

அவ சீமை அங்க, நம்ம வீடு இங்க, கதை அம்புட்டுதான்.