தூங்கும் கட்டைவிரல்

ஏரிக்கரைச் சாமிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் தணிகைவேலுக்கு நாற்பத்திரண்டு. சீடர் குருவைச் 'சாமி' என்பார், குரு சீடரை 'அண்ணே' என்பார். இருவருக்கும் அது பழகிப் போயிருந்தது.

பனி விலகாத ஒரு காலையில் தணிகைவேல் வந்தார். இரவு ஷிப்ட் முடிந்து நேராக வந்த முகம். ஏரியில் தண்ணீர் எது, பனி எது என்று தெரியவில்லை. பையிலிருந்து ஒரு டேப்லெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சாமி, இதுக்கு யாராலும் திறக்க முடியாத பூட்டு ஒண்ணு போடணும். எது நல்லது?"

என்ன நடந்தது என்று கேட்டார் சாமி.

தணிகைவேலின் மகள் நறுமுகைக்கு ஐந்து வயது. மனைவி ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறாள், சாயங்காலம்தான் வருவாள். மத்தியானம் பள்ளி வேன் குழந்தையை இறக்கிவிடும். இவர் எழுந்து கதவைத் திறந்து, சோறு போட்டுவிட்டு, மறுபடி படுத்துவிடுவார். அப்பாவை எழுப்பக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

அந்த நேரத்துக்குத் துணையாகத்தான் டேப்லெட் வாங்கினார். ஏனோதானோ என்று கொடுத்துவிடவில்லை. ஒரு நாள் லீவு போட்டு உட்கார்ந்து, குழந்தைக்கென்று தனிக் கணக்குத் திறந்து, வயதைப் போட்டு, வேண்டாததையெல்லாம் அடைத்து, நாளுக்கு ஒரு மணி நேரம் என்று வரம்பும் வைத்தார். விளையாட்டில் எதை வாங்கினாலும் அவருடைய கட்டைவிரல் பட்டால்தான் ஆகும். எதுவானாலும் அப்பாவைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்று மகளுக்கும் சொல்லிவைத்தார். கோட்டை கட்டி முடித்த திருப்தி. கோட்டைச் சாவி மட்டும் தினமும் மத்தியானம் கட்டிலில் கிடந்து குறட்டை விட்டது.

மாதக் கடைசியில் சம்பளத்தில் பாதியைக் காணோம்.

"நான் தூங்கறப்ப என் விரலை எடுத்து வெச்சிருக்கா சாமி. ஏண்டின்னா, 'நான் கேட்டேன், நீ ம் சொன்னே'ங்கிறா. பொய்யும் பழகிட்டாளேன்னு திட்டிட்டேன். இதையும் பிடுங்கிட்டேன்."

"இப்ப?"

"நாலு நாளாச்சு. என் பக்கமே வரல."

பணத்தைவிட அதுதான் அவருக்கு வலித்தது.

பிறகு ஏரியைப் பார்த்தபடி இன்னொன்றையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்த மாதம் முழுக்கப் பகல் தூக்கத்தில் ஒரே கனவு. மகள் அவருடைய கட்டைவிரலைப் பிடித்து ஒரு மணல் பாதையில் கூட்டிப் போவாள். வழியெல்லாம் ஏதோ கேட்டுக்கொண்டே வருவாள். இவர் 'ம்' கொட்டிக்கொண்டே நடப்பார். பாதை முடிகிற இடத்தில் நீலக் கதவு போட்ட ஒரு வீடு. உள்ளே போவதற்குள் விழிப்பு வந்துவிடும். நாலு நாளாக அந்தக் கனவும் வரவில்லை.

"பாப்பா என்னத்தை வாங்கினா?"

தணிகைவேல் எவ்வளவு போனது என்று பார்த்திருந்தார். எதற்குப் போனது என்று பார்க்கவில்லை.

"திறங்க அண்ணே."

கட்டைவிரலை வைத்தார். மகளின் விளையாட்டு திறந்தது. திரையில் ஒரு மணல் பாதை. அது முடிகிற இடத்தில் ஒரு சின்ன வீடு. கதவு நீலம்.

அவர் கதவைத் தொட்டதும் திறந்துகொண்டது.

உள்ளே ஒரு கட்டில். அதில் மீசை வைத்த பொம்மை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் மின்விசிறி. நான்கு ஜன்னல்கள், நான்கிலும் வெயில் உள்ளே வராதபடி கனத்த திரைச்சீலைகள். வாங்கியதெல்லாம் அவ்வளவுதான். கட்டிலின் கால்மாட்டில், தரையில், ஒரு பெண் குழந்தைப் பொம்மை உட்கார்ந்திருந்தது.

மீசைப் பொம்மையின் பக்கத்தில் ஒரு மணிப் படம். அதன் கீழே 'எழுப்பு, இலவசம்' என்று எழுதியிருந்தது. அதை மட்டும் அவள் தொடவில்லை.

தணிகைவேல் அழுதார். கட்டைவிரல் தானாக அந்த மணியை நோக்கிப் போனது. சாமி விரலைப் பிடித்துக்கொண்டார்.

"அது அவ அடிக்க வேண்டியது."

பனி மெல்ல விலகியது. ஏரியில் தண்ணீர் எது என்று தெரிய ஆரம்பித்தபோது தணிகைவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப பூட்டு, சாமி?"

"விரலே இருக்கட்டும். இதை எடுத்த இடத்துல வெச்சிட்டு, மத்தியானம் வழக்கம்போலப் படுங்க. கண்ணை மட்டும் மூடிக்கிட்டுத் தூங்காம இருங்க."

"அவ வந்து கேட்டா?"

"'ம்'னு சொல்லுங்க, இல்ல 'வேணாம்'னு சொல்லுங்க. முழிச்சிருந்து சொல்லுங்க, அண்ணே."