கீரி போட்ட பத்து நாள் கணக்கு

ஒரு காட்டில் கல்லூரி ஒன்று இருந்தது. சிரிக்காதீர்கள் பிள்ளைகளே, மெய்யாகவே இருந்தது. மருத மரங்களுக்கு நடுவே நாரைப் பேராசிரியர் ஒற்றைக் காலில் நின்றபடி பாடம் நடத்துவார். அங்கே பொருளியலில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தது ஒரு கீரி.

அந்தப் படிப்பில் ஆட்டக் கோட்பாடு என்று ஒரு பாடம். பல்லாங்குழி, கிளித்தட்டு என்று நினைத்துவிடாதீர்கள். நான் ஒன்று செய்தால் எதிரே இருப்பவன் என்ன செய்வான், அவன் அதைத்தான் செய்வான் என்று எனக்குத் தெரிந்தால் நான் என்ன செய்ய வேண்டும் என்று மண்டையைப் பிய்த்துக்கொள்கிற பாடம் அது. மற்ற மாணவர்கள் இரண்டாம் பக்கத்திலேயே கொட்டாவி விட்டார்கள். கீரிக்கோ அது கரும்பாக இனித்தது. வகுப்பில் எப்போதும் அதுதான் முதல். அதனால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

கோடை வந்தது. தேர்வுக்குப் படிப்பதற்காகப் பத்து நாள் விடுமுறை விட்டார்கள்.

"பதினோராம் நாள் காலையில் யானைகள் வரும். எல்லாரையும் மேட்டு ஏரிக்கு அழைத்துப் போகும். தேர்வு அங்கேதான். அங்கே தண்ணீருக்கும் பஞ்சமில்லை" என்று சொல்லிவிட்டு நாரை பறந்துவிட்டது.

அந்தப் பத்து நாளைத் தள்ள வேண்டுமே! குட்டை வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்துவிட்டது. ஆற்றில் வெறும் மணல். மூன்று முழம் தோண்டினால் கொஞ்சம் ஊற்றுத் தண்ணீர் சுரக்கும். இரண்டு பேர் குடிக்கலாம். சற்று நேரத்தில் மணல் சரிந்து குழி மூடிக்கொள்ளும். மறுநாள் மறுபடி தோண்ட வேண்டும். போதாக்குறைக்குக் கரையோர நாணலில் ஒரு சிறுத்தை வேறு படுத்திருந்தது.

கீரியின் வளைக்குப் பக்கத்தில் ஓர் அழுங்கு குடியிருந்தது. உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில் அதற்கு. ஆபத்து என்றால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அப்புறம் சிறுத்தையின் பல்லுக்கும் அசையாது. தோண்டுவதிலும் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் குழிக்குள் தலையை விட்டுவிட்டால் வெளியே நடப்பது எதுவும் தெரியாது, சுருள்வதற்கு நேரமும் கிடைக்காது. காவலுக்கு யாராவது வேண்டும்.

முதல் நாள் காலையில் அது கீரியின் வாசலுக்கு வந்தது.

"அண்ணே, ஊத்து தோண்டப் போவோமா? நான் தோண்டுறேன். நீங்க பாறை மேல நின்னு பாத்துக்குங்க. தண்ணி வந்ததும் முதல்ல நீங்க குடிங்க. அப்புறம் நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் காவல் இருங்க. அவ்வளவுதான்."

கீரி கண்ணை மூடி யோசித்தது. "எத்தனை நாளைக்கு?"

"பத்து நாளைக்குத்தான்."

"அப்படியானால் நடக்காது."

"ஏண்ணே?"

"பத்தாம் நாளை எடுத்துக்கொள். நான் குடித்து முடித்துவிட்டேன். மறுநாள் யானை வந்துவிடும். இனி உன் தயவு எனக்குத் தேவையில்லை. பிறகு நான் ஏன் வெயிலில் நின்று உனக்குக் காவல் காக்க வேண்டும்? போய்விடுவேன்."

"போயிடுவீங்களா?"

"போகத்தான் வேண்டும். அதுதான் அறிவு. நான் போய்விடுவேன் என்று உனக்கும் தெரியும். ஆகையால் பத்தாம் நாள் நீ தோண்ட மாட்டாய்."

அழுங்கு தலையைச் சொறிந்தது. "சரி, ஒன்பது நாள் தோண்டுவோமே."

"பத்தாம் நாள் இல்லை என்று ஆகிவிட்டதா? அப்போது ஒன்பதாம் நாளே கடைசி நாள். அன்றைக்கும் நான் குடித்ததும் போய்விடுவேன். அன்றைக்கும் நீ தோண்ட மாட்டாய். எட்டாம் நாளும் அப்படியே. ஏழாம் நாளும் அப்படியே. இப்படிப் பின்னாலிருந்து ஒவ்வொரு நாளாக வந்தால், இன்றைக்கும் நீ தோண்ட மாட்டாய்."

"அட, தோண்டத்தானே வந்து நிக்கிறேன்!"

"தோண்டினால் நீ மடையன். மடையனோடு நான் கூட்டுச் சேர முடியாது. அறிவாளியாக இருந்தால் நீ தோண்ட மாட்டாய். எப்படிப் பார்த்தாலும் தண்ணீர் இல்லை."

"உங்களுக்குத் தாகமே இல்லையாண்ணே?"

"இருக்கிறது. ஆனால் கணக்கு சரியாக இருக்கிறதே!"

அழுங்கு போய்விட்டது. ஆற்றுப் பாறையில் ஓர் ஆட்காட்டிக் குருவி நின்றிருந்தது. எறும்பு நகர்ந்தாலும் ஊரைக் கூட்டுகிற பறவை அது. கல்லூரிப் பக்கமே தலை வைத்துப் படுத்ததில்லை.

"எனக்குக் காவல் இருப்பியா? தண்ணியில பாதி உனக்கு" என்று கேட்டது அழுங்கு.

"கத்துறதுக்குக் கூலியா! நான் சும்மாவே கத்திக்கிட்டு இருக்கேன். வா, வா" என்றது குருவி.

அழுங்கு தோண்டியது. குருவி முதலில் குடித்தது. பிறகு பாறையில் ஏறி நின்றுகொண்டது. அழுங்கு வயிறு முட்டக் குடித்து வெளியே வரும்வரை அது நகரவில்லை.

மேட்டிலிருந்து கீரி இதைப் பார்த்தது. ஒரு குச்சியை எடுத்து, "இன்று நின்றது. நாளை நிற்காது" என்று மண்ணில் எழுதியது.

மறுநாளும் குருவி நின்றது. கீரி எழுதியதை அழித்துவிட்டு, அதையே மறுபடி எழுதியது. மூன்றாம் நாளும் அழித்தது, எழுதியது. தாகத்துக்குச் சப்பாத்திக்கள்ளிப் பழத்தைக் கடித்து வாயெல்லாம் முள் குத்திக்கொண்டது. விடியற்காலையில் புல்லில் பனி இருக்கிறதா என்று நக்கிப் பார்த்தது. கோடையில் பனிக்கு எங்கே போவது? புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் மிதந்தன.

ஐந்தாம் நாள், நாக்கு வெளியே தொங்க அது படுத்திருந்ததைப் பார்த்து அழுங்குக்கு மனசு கேட்கவில்லை.

"அண்ணே, வந்து ரெண்டு வாய் குடிச்சிட்டுப் போங்க. காவல்கூட வேணாம்."

கீரி சந்தேகத்தோடு எழுந்து உட்கார்ந்தது. "பதிலுக்கு ஒன்றும் கேட்காமலா? அப்படி யாரும் தருவதாக என் பாடத்தில் எங்கேயும் இல்லை. இதில் ஏதோ சூது இருக்கிறது."

"சூதும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் தண்ணிண்ணே!"

"சூது இருப்பவன்தான் இல்லை என்பான்" என்று சொல்லிவிட்டுக் கீரி திரும்பிப் படுத்துக்கொண்டது. ஐயோ பாவம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் தண்ணீரை நம் வாயில் நாம்தானே வாங்கிக்கொள்ள வேண்டும்?

ஆறாம் நாள் போயிற்று. ஏழு, எட்டு, ஒன்பதும் போயின. குருவி நின்றுகொண்டே இருந்தது.

பத்தாம் நாள் வந்தது. கீரிக்கு நடக்கத் தெம்பில்லை. ஆனாலும் முகத்தில் அப்படி ஒரு களை! "ஒன்பது நாளும் அவர்களுக்கு யோகம். இன்றைக்குத்தான் கணக்கு பேசப்போகிறது. குருவி பறந்துபோவதை என் கண்ணால் பார்த்தால் போதும்" என்று முனகிக்கொண்டே ஊர்ந்து வந்து, ஆற்றோரம் ஒரு காரைப் புதருக்கு அடியில் படுத்துக்கொண்டது.

அழுங்கு தோண்டியது. குருவி குடித்தது. அழுங்கு குழிக்குள் தலையை விட்டது.

"போ! இனி உனக்கு இங்கே என்ன வேலை? பறந்து போ!" என்று கீரி மனதுக்குள் கெஞ்சியது.

குருவி பறந்தது. ஆனால் பாறை மேல்தான் போய் இறங்கியது. ஒற்றை இறகைக் கோதிவிட்டுக்கொண்டு, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி நின்றது.

அப்போது நாணல் அசைந்தது.

"சிறுத்தை! சிறுத்தை! சிறுத்தை!" என்று குருவி அலறியது. அழுங்கு சட்டென்று தலையை இழுத்துப் பந்தாகச் சுருண்டது.

கீரியும் அதைக் கேட்டது. கேட்டதும் என்ன செய்ய வேண்டும்? ஓட வேண்டும், இல்லையா? கீரி யோசித்தது. 'இன்று கடைசி நாள். அழுங்கைக் காப்பாற்றுவதால் குருவிக்கு இனி ஒரு லாபமும் இல்லை. லாபம் இல்லாத இடத்தில் யாரும் உண்மையைக் கத்த மாட்டார்கள். ஆகவே இது பொய். அழுங்கை மிரட்டிவிட்டு மிச்சத் தண்ணீரையும் குடிக்கப் பார்க்கிறது. ஆகவே சிறுத்தை வரவில்லை.'

குருவி அதற்குள் புதரடியில் கீரியைப் பார்த்துவிட்டது. "கீரியண்ணே! உங்களையும்தான் சொல்றேன். ஓடுங்க!"

'என்னையுமா? எனக்கும் இந்தக் குருவிக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் கிடையாதே. அப்படியானால் சந்தேகமே இல்லை, பொய்தான்' என்று நினைத்துக் கீரி லேசாகச் சிரித்தது.

சிறுத்தை அழுங்கை இரண்டு முறை உருட்டிப் பார்த்தது. நகம்தான் வலித்தது. விட்டுவிட்டுத் திரும்பி, மோப்பம் பிடித்துக்கொண்டு புதரை நோக்கி நடந்தது. ஓடாமல் நடந்துதான் வந்தது. கீரி தவழ்ந்தாவது பாறை இடுக்குக்குள் நுழைந்திருக்கலாம். ஆனால் அது போட்ட கணக்கில் எங்கேனும் பிழை இருக்கிறதா என்று முதலிலிருந்து சரிபார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பிழையும் இல்லை.

மறுநாள் காலையில் யானைகள் வந்தன. மாணவர்களை எண்ணினால் ஒன்று குறைந்தது. இன்னொரு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, இருந்தவர்களை அழைத்துக்கொண்டு மேட்டு ஏரிக்குப் புறப்பட்டன.

நீதி: பிறர் எப்படி நடப்பார் என்று கணக்குப் போடலாம், அவர் நடந்ததைக் கண்ணால் கண்ட பிறகும் கணக்கையே நம்பக் கூடாது.