ஆட்டுக்கொட்டில் வரை எட்டிய போர்வை

அரைக்காணிப்பட்டிச் சகோதரர்களைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை நான் சொல்ல மாட்டேன். நடந்ததை நடந்தபடி சொன்னாலே அவர்கள் மானம் போய்விடும்.

மூத்தவர் சங்கிலிமுத்து. அடுத்தவர் போத்தையன். கடைசி வெள்ளைச்சாமி. மூன்று பேருக்கும் தலை நரைத்துவிட்டது, ஆனால் வெளிப்பக்கம் மட்டும்தான். தம்பிகள் இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அவர்களுக்குப் பெண் கொடுக்கும் அளவுக்கு முட்டாள் அந்த வட்டாரத்தில் அவர்களைத் தவிர யாரும் கிடைக்கவில்லை. மூத்தவருக்கு மட்டும் எப்படியோ நடந்தது. பெண் வீட்டார் பேசி முடித்த மாப்பிள்ளை வேறு, பந்தலில் வந்து உட்கார்ந்தவர் இவர் என்று ஊரில் இன்னும் ஒரு பேச்சு உண்டு.

அந்தக் கல்யாணத்தில் பிறந்தவள் செண்பகவல்லி. தாயைக் கொண்டு பிறந்ததால் புத்தியோடு பிறந்தாள். மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் தவமணியைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டிலிருந்து தப்பித்தாள். ஆனால் அவள் மகள் குயிலிக்கு, ஆறு வயசு, லீவு விட்டால் இங்கேதான் வர வேண்டும். இந்த வீட்டில் அவள் எது சொன்னாலும் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்து யோசிப்பார்கள். வேறு எந்த வீட்டில் அந்த மரியாதை கிடைக்கும்?

அரைப் பரீட்சை லீவுக்கு அவளைக் கொண்டுவந்து விட்ட செண்பகவல்லி, நாத்தனார் வளைகாப்புக்குக் கிளம்பும்போது மூவரையும் வரிசையாக நிறுத்தினாள்.

"போன வருசம் முடி வெட்டக் கூட்டிட்டுப் போய், இவளைக் கடையிலேயே விட்டுட்டு வேற பிள்ளையைக் கூட்டிட்டு வந்தீங்க."

"அந்தப் பிள்ளைக்குத்தான்மா வெட்டு நல்லா அமைஞ்சிருந்துச்சு" என்றார் வெள்ளைச்சாமி.

"பேசாதீங்க சித்தப்பா. மலையில பனி கொட்டுது. வெள்ளிக்கிழமை மலை பஸ்ஸுக்கு வருவேன். அதுக்குள்ள வீட்டுல இருக்கிற பழைய துணியை ஒட்டுப்போட்டு இவளுக்கு ஒரு போர்வை தைச்சு வைங்க. தூக்கத்துல உருளுவா. உருண்டாலும் விலகாத அளவுக்கு இருக்கணும். இவளும் கூட உக்காந்து தைக்கட்டும், கத்துக்குவா. ஆனா ஊசியை மட்டும் இவ கையில குடுத்துறாதீங்க. ஒழுங்காத் தைச்சு முடிச்சா முழுப் பரீட்சை லீவு பூரா இங்க விடுறேன். இல்லேன்னா இனிமே பேத்தியைப் போட்டோவுலதான் பார்க்கணும்."

சங்கிலிமுத்து சுவரை நிமிர்ந்து பார்த்தார். வீட்டில் இருந்தது ஒரே ஒரு போட்டோ. அதிலும் குயிலி தும்மிக்கொண்டிருந்தாள்.

அவள் தலை மறைந்ததும் சபை கூடியது.

"முதல்ல அளவு" என்றார் சங்கிலிமுத்து. "பிள்ளை எவ்வளவு தூரம் உருளும்?"

"அதைப் பிள்ளையைத்தானே கேக்கணும்?" என்றார் போத்தையன்.

"கண்ணு, நீ எவ்வளவு தூரம் உருளுவே?"

"தெரியலையே தாத்தா. நான் அப்பத் தூங்கிட்டுல்ல இருப்பேன்" என்றாள் குயிலி.

பதில் நியாயமாக இருந்தது. அதனால் உருண்டு காட்டச் சொன்னார்கள். இப்படி ஒரு உத்தரவு எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும்? அடுக்களை வாசலில் படுத்தாள். கூடத்தைத் தாண்டி, நடையைத் தாண்டி, முற்றத்துப் புழுதியெல்லாம் பாவாடையில் ஏற, ஆட்டுக்கொட்டில் வரை உருண்டாள். அங்கே வெள்ளாடு ஒன்று குறுக்கே நின்றதால் நின்றாள்.

"ஆடு இல்லேன்னா இன்னும் போயிருப்பா" என்றார் வெள்ளைச்சாமி.

"ஆடுதான் இருக்கே."

"மலையில ஆடு இருக்காதே அண்ணே!"

இது பெரிய சிக்கல். வெற்றிலை போட்டுக்கொண்டு நெடுநேரம் யோசித்தார்கள். கடைசியில் மாப்பிள்ளை வீட்டில் எங்காவது ஒரு சுவராவது இருக்கும் என்று போத்தையன் சொல்ல, அடுக்களை முதல் ஆட்டுக்கொட்டில் வரை என்று அளவு முடிவானது.

அடுத்தது துணி.

"பழைய துணின்னு சொன்னாளே, பழசுன்னா எது?" என்றார் போத்தையன்.

"கடையில மடிப்புக் கலையாம இருந்தா அது புதுசு. ஒரு தடவை உடுத்திட்டா பழசு" என்றார் சங்கிலிமுத்து. "உடுத்தினதைக் கடைக்காரன் திருப்பி எடுத்துக்குவானா?"

"மாட்டான்."

"துணி வியாபாரம் பண்றவன். அவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது?"

பீரோவைத் திறந்தார்கள். திறந்ததோடு பீரோ காலியானது. தீபாவளிக்கு எடுத்த வேட்டி, கோயிலில் போர்த்திய துண்டு, தலையணை உறை, கொடியில் காய்ந்தது, குடையின் கறுப்புத் துணி, எல்லாம் கத்திரிக்குப் போயின. குயிலியின் துணிகளை மட்டும் தொடவே கூடாது என்று போத்தையன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவையெல்லாம் சின்னத் துணி, எதற்கும் காணாது.

இனித் தைக்க வேண்டியதுதான். கோணி ஊசி ஒன்று இருந்தது. நூல்கண்டும் இருந்தது. குயிலி சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"ஊசியைக் குடுங்க தாத்தா."

"கையில குடுக்கக் கூடாதுன்னு உங்கம்மா உத்தரவு."

"அம்மா என்னையும் தைக்கச் சொன்னாங்களே."

இரண்டும் உத்தரவு. ஒன்றை மீறினாலும் போட்டோதான். சங்கிலிமுத்துவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, தும்முகிற பேத்தியின் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். போத்தையன்தான் வழி கண்டுபிடித்தார்.

"ஊசியை நான் பிடிச்சுக்கிறேன். ஆட்ட மாட்டேன். ஆட்டினா நான் தைச்சதாப் போயிரும். பிள்ளை துணியைக் கொண்டாந்து ஊசியில குத்தட்டும்."

"உன்னைப் படிக்க வச்சிருந்தா கலெக்டர் ஆயிருப்பேடா" என்று தம்பியின் தலையைத் தடவினார் சங்கிலிமுத்து.

போத்தையன் முற்றத்து நடுவில் ஊசியை நீட்டிப் பிடித்து உட்கார்ந்தார். கண் கூட இமைக்கவில்லை. குயிலி துணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஊசியில் குத்தி, மறுபக்கம் இழுத்துக்கொண்டு போனாள். நூலைத் துண்டாக்கவில்லை. துண்டாக்கினால் முடிச்சுப் போட வேண்டும், மூன்று பேரில் ஒருவருக்கும் முடிச்சுப் போடத் தெரியாது. கண்டு முழுவதையும் அப்படியே கோத்திருந்தார்கள். அதனால் ஒவ்வொரு தையலுக்கும் போர்வை வாசலைத் தாண்டி, தெருமுனை வரை போய்த் திரும்பியது. குயிலி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினாள். வெள்ளைச்சாமி மறுமுனையைத் தாங்கிக்கொண்டு மூச்சு வாங்கப் பின்னால் ஓடினார்.

ஊரே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. பக்கத்து வீட்டு அங்கப்பன் பொறுக்க மாட்டாமல் கேட்டே விட்டார்.

"ஏம்ப்பா, துணியை ஒரு இடத்துல வச்சுட்டு ஊசியைக் கொண்டு போனா என்ன?"

வெள்ளைச்சாமி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஊசி இத்துணூண்டு. தெருமுனை வரைக்கும் அனுப்பினா தொலைஞ்சு போகாதா?"

அங்கப்பன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. அடுக்களை வாசலிலிருந்து போர்வையை விரித்துப் பார்த்தார்கள். கூடம் வந்தது, நடை வந்தது, முற்றம் வந்தது. கொட்டிலுக்குச் சற்று முன்னால் தீர்ந்துபோனது. பீரோவில் ஒரு நூல் கூட மிச்சமில்லை. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒருவர் இடுப்பை ஒருவர் பார்த்தார்கள்.

"பேத்தி முக்கியமா, வேட்டி முக்கியமா?" என்றார் சங்கிலிமுத்து.

அதற்கு இரண்டு பதில் கிடையாது. வேட்டிகள் போயின. அப்படியும் காணாமல், வெள்ளைச்சாமி ஒரு மூலைக்கு மட்டும் தன்னிடம் கடைசியாக மிச்சமிருந்ததையும் கொடுத்தார். அதைப் பற்றி விவரமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. தைத்து முடிந்த பக்கமாக மூவரும் போர்வைக்குள் புகுந்துகொண்டார்கள். குயிலியும் கூடவே புகுந்தாள், அவளுக்கு அது விளையாட்டு.

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது.

"அப்பா! கதவைத் திறங்க! பஸ் வந்துரும்!"

"போர்வை ஏறக்குறைய ரெடிம்மா" என்றது உள்ளிருந்து சங்கிலிமுத்துவின் குரல்.

"அப்பக் கொண்டாங்க."

"கொண்டாரலாம். நாங்க அதுக்குள்ள இருக்கோம்."

"வெளிய வாங்களேன்."

போர்வை இன்னும் இறுக்கிச் சுருட்டிக்கொண்டது. பிறகு குயிலியின் குரல் தெருவுக்கே கேட்டது. "அம்மா! தாத்தாங்க வேட்டியெல்லாம் போர்வைக்குப் போயிருச்சு! மஞ்சக் கலரு மூலை வெள்ளைத் தாத்தாவோட கோவணம்!"

செண்பகவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். அங்கப்பன் வீட்டுக்கு ஓடி மூன்று வேட்டியைக் கடன் வாங்கி வந்து ஜன்னல் வழியாகத் திணித்தாள். "எடுத்துக்கிட்டு சீக்கிரம் வாங்க!"

உள்ளே குசுகுசுவென்று பேச்சு நடந்தது.

"இது யாரு வேட்டி?"

"அங்கப்பனோடது."

"உடுத்தினதா?"

"உடுத்தித் துவைச்சிருக்கு."

"அப்பப் பழசு."

"கொட்டிலுக்கு இன்னும் கொஞ்சந்தானே குறையுது?"

வெளியே நின்ற செண்பகவல்லிக்குக் கத்திரிச் சத்தம் கேட்டது. "அப்பா, வேணாம்!" என்று கத்தினாள். கத்தி என்ன செய்ய? வெள்ளாடு ஒரு தடவை கத்தியது, அதன் மேல் ஏதோ போய் விழுந்த மாதிரி. உடனே குயிலி கூவினாள்.

"அம்மா, எட்டிருச்சு!"

மலை பஸ் ஹாரன் அடித்தது. செண்பகவல்லி கொட்டில் பக்கமாக உள்ளே புகுந்து, கைக்குக் கிடைத்த மூலையைப் பிடித்து இழுத்தாள். போர்வை வந்தது. போர்வைக்குள் இருந்தவர்களும் வந்தார்கள். ஆட்டை மட்டும் எப்படியோ உதறிவிட்டாள். பாதி பஸ் நிறையப் போர்வை ஏறியதைப் பார்த்த கண்டக்டர், இது ஆளா லக்கேஜா என்று கேட்டார்.

"அண்ணே, நாம என்ன?" என்றது போர்வை.

"ஆளுன்னா தனித்தனியா இறங்கணும். நம்மால முடியுமா?"

"முடியாது."

"லக்கேஜுன்னா பேசக் கூடாதே. நாம பேசிக்கிட்டுல்ல இருக்கோம்?"

"அப்பப் பேசாம இருந்து பார்ப்போமா?"

"பேசாம இருக்கோம்னு அவருக்கு யாரு சொல்றது?"

விவாதம் கொண்டை ஊசி வளைவுகளில் எல்லாம் நடந்தது. அது முடிவதற்குள் மலை வந்துவிட்டது.

பஸ் நிற்கும் இடத்தில் தவமணி காத்திருந்தான். ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லா எல்லாம் போட்டும் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. போர்வை இறங்கியது. அதற்குக் கீழே எட்டுக் கால் இருந்ததை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமனார் வீட்டைப் பற்றி அவனுக்கு ஏற்கெனவே தெரியும். குயிலி மட்டும் வெளியே வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

"ஏய் செண்பகம், பிள்ளைக்கு வேர்த்து ஊத்துது!" என்றான் தவமணி ஆச்சரியத்தோடு. "இந்தப் பனியில!"

"மூணு கிழவங்களோட மூட்டை கட்டினா வேர்க்காதா?"

"ஆனாலும் போர்வை போர்வைதானே. இவளும் கூட உக்காந்து தைச்சாளா?"

"நான் ஓடி ஓடித் தைச்சேம்ப்பா!"

"ஊசியைத் தொட்டியா?"

"தொடவே இல்லை!"

தவமணி நியாயஸ்தன். "அப்புறம் என்ன? நீ சொன்னதெல்லாம் பண்ணியிருக்காங்க. சொன்ன சொல்லு மாறக் கூடாது."

செண்பகவல்லி பல்லைக் கடித்தாள். ஆகாயத்தைப் பார்த்தாள், தேயிலைச் செடிகளைப் பார்த்தாள். அவற்றாலும் உபயோகமில்லை. "சரி" என்றாள். "முழுப் பரீட்சை லீவுக்கு வருவா."

போர்வை துள்ளிக் குதித்தது. உள்ளே ஒருவர் விசும்பி அழும் சத்தம் கேட்டது. அது சங்கிலிமுத்து. பேத்தி வரப்போகிறாள் என்ற சந்தோஷம் அவருக்குத் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தின் நடுவில் போத்தையனுக்கு ஒரு யோசனை வந்து தொலைந்தது.

"அண்ணே, லீவுக்குப் பிள்ளை வந்து கதவைத் தட்டினா யாரு திறப்பா?"

"நாமதான்."

"நாம இங்கல்ல இருக்கோம்! வீட்டுல ஒருத்தருமில்லையே!"

"ஐயையோ!" என்றார் சங்கிலிமுத்து. "பிள்ளை வாசல்ல நிக்குமே! வெயில் நேரமாச்சே!"

பஸ் திரும்பிக் கீழே இறங்கத் தயாராக நின்றது. போர்வை ஒரே ஓட்டமாக ஓடிப் படியேறியது. "மாமா! போர்வையைக் குடுத்துட்டுப் போங்க!" என்று தவமணி கத்தியது யார் காதிலும் விழவில்லை. பஸ் நகர்ந்தது. ஜன்னலில் மூன்று நரைத்த தலைகள் எட்டிப் பார்த்தன.

"கவலைப்படாதே தாயி! நீ பைய வந்து சேரு! நாங்க முன்னாடி போய்க் கதவைத் திறந்து வைக்கிறோம்!"

செண்பகவல்லி திரும்பி மகளைப் பார்த்தாள். பக்கத்தில் மகளைக் காணோம்.

ஜன்னலில் நாலாவதாக ஒரு சின்னத் தலை முளைத்தது.

"அம்மா, நானும் போறேன்!" என்று கையாட்டினாள் குயிலி. "லீவுக்கு நான் வர்றப்ப வீட்டுல நான் இல்லேன்னா, யாரோட விளையாடுறது?"