ஊருணியைச் சுற்றிய மாப்பிள்ளை

சிறுதட்டி ஊர்க்காரர்களுக்கு மூளை கொஞ்சம் மட்டு என்று வெளியூரில் பேச்சு. அதைக் கண்டித்து ஊர்க்கூட்டம் போட்டார்கள். எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு, எதற்குக் கூடினோம் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. கலைந்து போனார்கள்.

அந்த ஊர் அழகுமலைக்குச் செவ்வந்தி மேல் ஆசை. அவளுக்கும் அவன் மேல் ஆசை. அவளுடைய அப்பா ஒச்சப்பன்தான் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஊருணியை ஏழு சுத்து ஓடணும். நடுவுல நின்னா பொண்ணு கிடையாது."

கூட்டாளி சோணை கரையில் ஒரு பானையோடு உட்கார்ந்தான். சுற்றுக்கு ஒரு கல் பானைக்குள் போட வேண்டும். இன்னொரு கூட்டாளி குருந்தன், தைரியம் சொல்லிக்கொண்டே கூட ஓடினான்.

மூன்றாம் சுற்றில் அழகுமலையின் வலது கால் வேரில் மாட்டி மடங்கியது. கணுக்கால் பனங்காயாக வீங்கியது. கத்தினான், ஆனால் நிற்கவில்லை.

வைத்தியரைக் கூட்டி வந்தார்கள். அவர் குனிந்தபடியே கூட ஓடி, எண்ணெய் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். முடித்துப் பார்த்தால் தன் கையையும் சேர்த்துக் கட்டியிருந்தார். அதை அவிழ்க்க இன்னும் ஒரு சுற்று ஓட வேண்டியதாயிற்று.

"வலது காலுக்கு வேலையைக் குறைப்பா" என்று சொல்லிவிட்டு அப்படியே புல்லில் படுத்துவிட்டார்.

குருந்தன் யோசித்துக்கொண்டே ஓடினான். "மாப்ள, ஊருணி உனக்கு எந்தப் பக்கம் இருக்கு?"

"இடது பக்கம்."

"அப்ப வெளிவட்டத்துல ஓடுறது வலது கால். இடது காலை விட அதுக்குத் தூரம் கூட. வலிக்காம என்ன செய்யும்?"

"அட, ஆமாடா! இத்தனை சுத்தா எனக்குத் தோணலையே!"

ஆறாம் சுற்று முடிந்ததும் நிற்காமலே திரும்பி, எதிர்ப்பக்கமாக ஓடினான். ஒரு சுற்று முடிந்தது. சோணை பானையிலிருந்து ஒரு கல்லை எடுத்துத் தூர எறிந்தான்.

"டேய், ஏன்டா எடுக்கிற?"

"கயித்தை ஒரு பக்கம் சுத்திட்டு மறுபக்கம் சுத்தினா என்ன ஆகும்?"

"அவுந்து போகும்."

"அப்புறம் என்ன கேள்வி?"

அழகுமலைக்கு நியாயமாகத்தான் பட்டது. பழைய பக்கமே திரும்பி ஓடிப் பார்த்தான், கால் உயிரை வாங்கியது. இந்தப் பக்கமே ஓடினான். பானை காலியானது.

"மாப்ள, இன்னும் நீ ஓட ஆரம்பிக்கவே இல்ல" என்றான் சோணை ஆறுதலாக.

"அதான் கால் கொஞ்சம் தேவலைன்னு இருக்கு."

அடுத்த சுற்றும் முடிந்தது. சுற்றுக்கு ஒரு கல் எடுத்தே ஆக வேண்டும், பானையிலோ கல் இல்லை. சோணை சுற்றிலும் பார்த்தான். கரையில் ஒச்சப்பனின் வீடு இருந்தது. அதன் சுவர் முழுக்கக் கல். ஒன்றை உருவினான். அடுத்த சுற்றுக்கு இன்னொன்று. நாலாவது கல்லுக்குச் சுவர் சாய்ந்தது. ஐந்தாவதற்குக் கூரை இறங்கியது.

முக்காடு போட்டதுபோல் தலையில் ஓலையோடு ஒச்சப்பன் ஓடி வந்தார். "ஏ அழகுமலை! பொண்ணைத் தர்றேன்யா! போதும், நில்லு!"

"இந்த வேலைதானே வேணாங்கிறது? நின்னா பொண்ணு கிடையாதுன்னு நீங்கதானே மாமா சொன்னீங்க!"

அவன் இன்னும் வேகமாக ஓடினான். ஒச்சப்பன் தலையில் கை வைத்தார். செவ்வந்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவனோடு ஓட ஆரம்பித்தாள். மேளக்காரர்கள் பின்னால் ஓடினார்கள். அழகுமலை ஓடியபடியே தாலியில் இரண்டு முடிச்சுப் போட்டான். மூன்றாவது முடிச்சு நாத்தனார் போட வேண்டியது. அவள் பாதிச் சுற்றிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள்.

ஓடிக்கொண்டே முடிச்சுப் போட்டுப் பழக்கமுள்ளவர் ஊரிலேயே ஒருவர்தான். புல்லில் கிடந்த வைத்தியரை எழுப்பினார்கள். அவர் ஓடி வந்து, மூன்றாவது முடிச்சை நன்றாக இறுக்கிப் போட்டார்.

போட்டுவிட்டுத் தன் கையைத் தேடினார்.