கயிறு பிடித்த கை

கதவு நேரத்துக்கு முன்னாலேயே விழுந்துவிட்டது. மார்த்தாவின் பின்னங்கால்கள் இன்னும் வெளியே இருந்தன.

இறக்கியவர் ஆறுமுகநயினார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். படிக்கட்டில் ஒருவர் கால் வைத்தால் போதும், விசில் கொடுத்துவிடுவார். கை அப்படியே பழகிவிட்டது. மகனோடு இருக்கலாம் என்று அரிசோனாவுக்கு வந்தார். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்தில் காட்டுப் பூனைகளை வைத்துக் காக்கிற சரணாலயம் ஒன்று இருந்தது. சம்பளமில்லாத வேலைக்கு ஆள் தேடினார்கள். போய்விட்டார்.

மார்த்தா ஒரு பூமா. கிழவி. சிறுத்தை அளவு உடம்பு, மணல் நிறம், புள்ளி கிடையாது. யாரோ ஒருவன் குட்டியாக வாங்கி, நகங்களைப் பிடுங்கி, கார் கொட்டகையில் வளர்த்தான். அலுத்தது. விட்டுவிட்டான். அங்கே இருந்த லின்க்ஸ், செர்வல் என்கிற காட்டுப் பூனைகள் எல்லாமே அப்படி ஆசைக்கு வாங்கப்பட்டு அலுத்துப்போனவைதான். நாய் வளர்ப்பதுபோல் புலி வளர்க்கிறவனும் அந்த நாட்டில் இருந்தான். என்ன சொல்ல.

இந்தப் பூனைகளைப் பழக்குகிறவள் செல்லக்கனி. சாத்தான்குளத்துக்காரி. நயினாருக்கு மகள் வயது. நயினார் அவளிடம்தான் வேலை கற்றுக்கொண்டார். குரு என்று கூப்பிட்டுப் பார்த்தார். முறைத்தாள். டீச்சர் என்று மாற்றிக்கொண்டார்.

மார்த்தாவின் தாடையில் சீழ் பிடித்திருந்தது. பல்லை எடுக்க நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு அவள் தானாக ஒரு இரும்புப் பெட்டிக்குள் வரவேண்டும். பெட்டியைக் கூண்டின் வாசலோடு ஒட்டவைத்துச் சங்கிலி போட்டிருந்தார்கள். அதன் கதவு மேலிருந்து இறங்கும். கதவைத் தூக்கிப் பிடித்திருப்பது ஒரு கயிறு. கயிறு வெளியே நிற்பவர் கையில்.

பல நாள் பழக்கியபின் அன்றைக்குத்தான் மார்த்தா தலையை உள்ளே விட்டாள். முன்னங்கால்களை வைத்தாள். நயினார் கை கயிற்றை விட்டது.

இடுப்பில் விழுந்தது. எலும்புக்கு ஒன்றுமில்லை. அவள் அலறியபடி உடம்பை உருவிக்கொண்டு ஓடினாள்.

"இது திருச்செந்தூர் பஸ் இல்ல அண்ணாச்சி" என்றாள் செல்லக்கனி.

மறுநாள் காலை டாக்டர் வந்து பார்த்தார். வெள்ளைக்காரப் பெண்மணி. பேச்சு சுருக்கம்.

"சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். உள்ளே வராவிட்டால் ஊசித் துப்பாக்கியால் சுட்டு மயக்கித்தான் தூக்கவேண்டும்."

"தூக்கினா?" என்றார் நயினார்.

"பெட்டியில் வந்தால் ஆஸ்பத்திரியில் வாயு கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மயக்கலாம். ஊசியை அப்படிக் கொடுக்க முடியாது. இவள் கிட்னி ஏற்கெனவே பழுது. எழுந்திருக்காமலே போகலாம்."

"அப்ப சுடாம விட்டா?"

"சீழ் ரத்தத்தில் கலந்துவிடும்."

டாக்டர் மற்ற மிருகங்களைப் பார்க்க வண்டியேறிப் போனார். நயினார் அடுப்பைப் பற்றவைத்தார்.

கோழிச்சாறு காய்ச்சிப் பெட்டிக்குள் வைத்தார். மார்த்தா மோப்பம் பிடித்தாள். கிட்டே வரவில்லை. கிண்ணத்தை மாற்றினார். பெட்டியில் வைக்கோல் போட்டார். வைக்கோலை எடுத்தார். கெஞ்சினார். "வாடி தாயி, வந்திருடி." அவள் கூண்டின் கோடியில் படுத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். வாயோரம் எச்சில் ஒழுகியது.

செல்லக்கனியிடம் ஓடினார்.

"டீச்சர், அவ எதுக்குமே வரமாட்டேங்கா. சாறு பிடிக்கலையோ?"

"உங்க சோத்து டப்பாவை எடுத்துட்டு வாங்க."

"சோறா? இப்பவா?"

"எடுத்துட்டு வாங்கன்னு சொல்லுதேன்லா."

கொட்டகைக்குப் பின்னால் அதேபோல் இன்னொரு பெட்டி சும்மா கிடந்தது. செல்லக்கனி அதன் கதவை ஏற்றினாள். கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள போய் உக்காந்து சாப்பிடுங்க."

நயினார் குனிந்து போனார். உட்காரலாம், நிமிர முடியாது. தலைக்கு மேலே இரும்பு. வாசலுக்கு மேலே கதவின் விளிம்பு. டப்பாவைத் திறந்தார். மருமகள் கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோறு. ஒரு வாய் போட்டார்.

செல்லக்கனி ஒரு கையில் கயிற்றோடு மறு கையில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், கயித்தை எங்கயாவது கட்டிப் போடுங்களேன்."

"நான் விடமாட்டேன்."

"தெரியும்."

"பெறகு என்ன?"

நயினார் கதவின் விளிம்பைப் பார்த்தார். இன்னொரு வாய் எடுத்தார். மென்றார். செல்லக்கனிக்கு மூக்கு அரித்தது. கயிற்றை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். நயினார் துள்ளினார். தலை கூரையில் இடித்தது. சோறு சிதறியது.

"சோறு எப்பிடி இருந்துச்சு?" என்றாள்.

"தெரியல."

"உப்பு?"

"கவனிக்கல."

"உங்க மருமக பாவம்" என்றாள். கயிற்றைக் கம்பியில் கட்டிவிட்டுப் போய்விட்டாள்.

நயினார் சிதறிய சோற்றைப் பொறுக்கி டப்பாவில் போட்டார். பிறகு குனிந்து வெளியே வந்து மார்த்தாவின் பெட்டிக்குப் போனார். கதவைத் தாங்கிக்கொண்டே கயிற்றை அவிழ்த்துத் தூர எறிந்தார். கதவை மேலே இழுத்து, அது ஓடுகிற பள்ளத்திலிருந்து உருவினார். கனம். தூக்கிக்கொண்டு போய் அவள் கண் முன்னாலேயே மரத்தில் சாய்த்துவைத்தார். திரும்பி வந்து எதிரே தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

வெயில் தாழ்ந்தது. அவள் அசையவில்லை. கை மட்டும் அவர் சொன்னபடி கேட்கவில்லை. ஒருமுறை ஈயை ஓட்டத் தூக்கினார். அவள் சீறினாள். பிறகு ஈ மூக்கில் உட்கார்ந்தபோதும் ஓட்டவில்லை.

டாக்டரின் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் மார்த்தா எழுந்தாள். பெட்டி வாசலில் நின்றாள். மேலே பார்த்தாள். மரத்தடியைப் பார்த்தாள். அவர் கைகளைப் பார்த்தாள். உள்ளே போய்ச் சாற்றை நக்கினாள். படுத்தாள்.

டாக்டர் துப்பாக்கியோடு வந்து நின்றார். "போடுங்கள்! சீக்கிரம் கதவைப் போடுங்கள்!"

நயினார் போய்க் கதவைத் தூக்கி வந்தார். மறைக்கவில்லை. அவள் பார்க்கப் பார்க்க நடந்து வந்தார். ஸ்டூல்மேல் ஏறிப் பள்ளத்தில் பொருத்தினார். கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்.

பாதி இறங்கியதும் மார்த்தா எழுந்துவிட்டாள். குனிந்து தலையை வெளியே நீட்டினாள். முதுகு சரியாகக் கதவுக்குக் கீழே இருந்தது. நயினார் கதவை அப்படியே நிறுத்திப் பிடித்தார்.

"தட்டி உள்ளே தள்ளுங்கள்!" என்றார் டாக்டர்.

நயினார் கதவை மேலே தூக்கினார். முழுசாகத் தூக்கினார்.

மார்த்தா வெளியே போய்விட்டாள்.

"முடிந்தது" என்றார் டாக்டர். துப்பாக்கியில் ஊசியைச் செருகினார்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் பின்னால் வந்து நின்ற செல்லக்கனி.

"இருட்டிவிடும்."

"இன்னும் இருட்டலையே."

நயினார் கதவைத் தலைக்கு மேலே தாங்கிக்கொண்டு நின்றார். தோள் எரிந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. மார்த்தா கூண்டை ஒரு சுற்றுச் சுற்றினாள். நின்று இடுப்பை நக்கிக்கொண்டாள். அடிபட்ட இடம். இன்னொரு சுற்று. டாக்டர் துப்பாக்கியைத் தூக்கினார்.

அவள் பெட்டிக்குள் வந்தாள். வாலையும் இழுத்து உள்ளே போட்டுக்கொண்டாள். அவரைப் பார்த்தபடி படுத்தாள்.

நயினார் இறக்கினார். இரும்பு தரையைத் தொடுகிறவரை அவள் கண்ணை எடுக்கவில்லை.

மறுநாள் மதியம் வண்டி திரும்பி வந்தது. மார்த்தாவின் வாயில் ஒரு பல் குறைந்திருந்தது. அவள் உயிரோடு இருந்தாள். கூண்டுக்குள் போய்ச் சாறு குடித்தாள். உறுமாமல், வீட்டுப் பூனை மாதிரி குர்ரென்று தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டாள்.

நயினாருக்குத் தோளை அசைக்க முடியவில்லை. ஆனாலும் முகத்தில் ஒரு களை. செல்லக்கனி பக்கத்தில் போய் நின்றார். இதைக் கேட்காமல் அவருக்குத் தூக்கம் வராது.

"செஞ்ச தப்பைச் சரிபண்ணிட்டேன்லா, டீச்சர்?"

"கதவைப் போட்டது நீங்க" என்றாள் செல்லக்கனி. "மொத தடவையும் நீங்கதான் போட்டிய."

அவர் முகம் சுருங்கியது.

"அப்ப சரிபண்ணினது நீங்களா?"

"நான் எங்க. நான் போனைப் பாத்துக்கிட்டு நின்னேன்."

"பெறகு யாரு?"

செல்லக்கனி காலிப் பெட்டியின் தரையைக் கழுவக் குழாயைத் திருகினாள்.

"அடி வாங்கின அதே வாசல்ல மறுபடியும் முதுகைக் குடுத்தவ இருக்காள்லா" என்றாள். "மார்த்தா."